நாற்பது மீட்டர் திண்ணை

1970களின் தொடக்கத்தில் எங்கள் மண்ணூர் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. ஆன் செய்தால் உடனே பாடாது. வால்வுகள் சூடேறி, மேஜிக் ஐ என்ற அந்தப் பச்சைக் கண் மெல்ல விழித்த பிறகுதான் குரல் வரும். டயலில் 19, 25, 31, 41 என்று மீட்டர் கணக்கு எழுதியிருக்கும். அப்பா தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஊசியை நகர்த்துவது என் இரவு விளையாட்டு.

41 மீட்டரின் ஓரத்தில், நிலையங்கள் முடிகிற இடத்தில், வாத்து கத்துவதைப் போல ஒரு சத்தம் கேட்கும். ஏற்ற இறக்கமெல்லாம் மனிதர்கள் பேசுவது போலவே இருக்கும். நின்று நின்று வரும். ஒன்று கத்தி முடித்ததும் இன்னொன்று பதில் சொல்வது போலக் கத்தும். ஆனால் ஒரு சொல்கூடப் புரியாது. அப்பாவிடம் கேட்டேன். "செட்டுல ஏதோ கோளாறுடா. அந்தாண்டப் போவாத, வால்வு போயிடும்" என்றார். ஸ்ரீபெரும்புதூரில் ரேடியோ ரிப்பேர் செய்தவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்.

செட்டில் கோளாறு எதுவும் இல்லை. அது மனிதர்களின் பேச்சுதான். இதை நான் தெரிந்துகொள்ள 45 வருஷம் ஆயிற்று. இன்று அதே வாத்துகளோடு நானும் பேசிக்கொண்டிருக்கிறேன். 2,500 ரூபாய்க்குப் பழையதாக வாங்கிய ஒரு செட்டில், ஒரே ஒரு பேண்டில்.

அமெச்சூர் ரேடியோ அல்லது ஹாம் ரேடியோ என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். தேர்வு எழுதி, அரசிடம் லைசென்ஸ் வாங்கி, சொந்தச் செட்டில் மற்ற லைசென்ஸ்காரர்களோடு பேசுவது. வியாபாரம் பேசக் கூடாது, பாட்டு ஒலிபரப்பக் கூடாது. நம் நாட்டில் இதன் முதல் ஆள் கல்கத்தாவைச் சேர்ந்த அமரேந்திர சந்திர குப்தா. 1921-ல் அவருடைய அழைப்புக் குறி 2 ஜே.கே. இந்திய அழைப்புக் குறிகளின் முன்னால் வரும் வி.யூ. என்ற எழுத்துகள் அதற்குப் பிறகு வந்தவை.

நம் சென்னையும் பின்தங்கவில்லை. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலை 31 அன்று அந்த கிளப் ஒலிபரப்பவும் ஆரம்பித்தது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே அப்போது கிடையாது. அரசு செய்யாத வேலையை ஆர்வக்காரர்கள் சேர்ந்து செய்தார்கள். ஆனால் பணம் போதவில்லை. 1927-ல் நிறுத்தவேண்டி வந்தது. கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1938-ல் அது ஆல் இந்தியா ரேடியோவின் கைக்குப் போயிற்று. இன்று நாம் கேட்கும் சென்னை வானொலியின் வேரில் இருப்பது ஒரு கிளப்.

1939-ல் போர் வந்தது. அமெச்சூர் லைசென்ஸ்களை வெள்ளைக்கார அரசு ரத்து செய்து, செட்டுகளை ஒப்படைக்கச் சொன்னது. பேசும் கருவி யார் கையில் இருக்கிறது என்பது அரசாங்கங்களுக்கு எப்போதுமே கவலைதான். அந்தக் கவலை நியாயமானது என்று 1942-ல் பம்பாயில் சிலர் நிரூபித்தார்கள்.

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் தலைவர்கள் எல்லாரும் சிறையில் இருந்த நேரம். செய்தித்தாள்களுக்குத் தணிக்கை. அப்போது உஷா மேத்தா என்ற 22 வயது மாணவியும் அவருடைய நண்பர்களும் ரகசியமாக காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். கருவி செய்து கொடுத்தவர் நரிமன் பிரின்டர் என்ற ரேடியோ வல்லுநர். ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்து, வீடு விட்டு வீடு மாற்றி நடத்தி, நவம்பர் 12 அன்று பிடிபட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு வருஷம் சிறை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர்கள் ஒலிபரப்பிய அலைநீளம் 42.34 மீட்டர். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது ஏறக்குறைய 7.08 மெகா ஹெர்ட்ஸ். இன்று இந்திய ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் நாற்பது மீட்டர் பேண்ட் 7.0 முதல் 7.2 வரை. அதாவது என் செட்டின் குமிழைத் திருப்பினால் நடுவுக்குச் சற்று முன்னால் வருகிற இடம் அது. காலையில் அந்த இடத்தில் யாராவது பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு மட்டும் ஒரு நொடி கை நிற்கும்.

சுதந்திரம் வந்தது, லைசென்ஸும் திரும்ப வந்தது. செட்டுதான் வரவில்லை. வெளிநாட்டுச் செட்டுக்கு இறக்குமதி அனுமதி வேண்டும், வரி வேறு. அனுமதி கிடைத்தாலும் விலை ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளம். ஆகவே போரில் மிஞ்சி, ராணுவம் கழித்துப்போட்ட ரிசீவர்களைத் தேடிப்பிடித்தார்கள். டிரான்ஸ்மிட்டரைத் தாங்களே கட்டினார்கள்.

தானே கட்டுகிறவன் ஏன் ஒரு பேண்டோடு நிறுத்திக்கொள்கிறான்? ஒவ்வொரு பேண்டுக்கும் தனித்தனிக் காயில்கள் வேண்டும், தனி ஃபில்டர் வேண்டும், அவற்றை மாற்ற ஸ்விட்ச் வேண்டும். பேண்ட் கூடக்கூடச் செலவும் கூடும், தவறு நேரும் இடமும் கூடும். ஒரே பேண்ட் என்றால் எல்லாம் ஒருமுறைதான். நம் வீடுகளிலும் இதே கதைதானே? மீடியம் வேவ் மட்டும் பிடிக்கிற ஒரு பேண்ட் டிரான்சிஸ்டர்தான் ஏழை வீட்டு ரேடியோவாக இருந்தது. தபால் ஆபீசில் வருஷா வருஷம் ரேடியோ லைசென்ஸ் கட்டிய காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கட்டணம்கூடச் சின்னச் செட்டுகளுக்குத்தான் முதலில் நீங்கியது. பெரிய செட்டுகளுக்கு 1980களின் நடுவில் நீங்கியது.

அதே 1980களில்தான் ஹாம்களுக்கு இறக்குமதி வரிச் சலுகையும் கிடைத்தது. இதற்காக அவர்கள் இன்றும் ஒருவரை நன்றியோடு நினைக்கிறார்கள். வி.யூ.2 ஆர்.ஜி. என்ற அழைப்புக் குறிக்காரர். உலகம் அவரை ராஜீவ் காந்தி என்று அறியும்.

1991 மே 21 இரவு. எங்கள் ஊரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சில கிலோமீட்டர்தான். கூட்டத்துக்குப் போயிருந்தவர்கள் செருப்பில்லாமல், முகம் வெளுத்துத் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். மறுநாள் பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. 2003-ல் அப்துல் கலாம் திறந்துவைத்த நினைவிடத்தைத் தாண்டித்தான் பல வருஷம் வேலைக்குப் போய் வந்தேன். பிரதமராக இருந்தவர் என்று தெரியும். விமான ஓட்டி என்று தெரியும். அவர் நாற்பது மீட்டரிலும் மற்ற பேண்டுகளிலும் பேசிய ஒரு ஹாம் என்பது, லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கும்போது ஒரு மூத்த ஹாம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நம் ஊர்ப் பக்கத்தில் இன்றும் பலருக்குத் தெரியாது.

வரிச் சலுகை வந்தாலும் சாதாரண ஆளுக்கு விலை எட்டவில்லை. அதை எட்ட வைத்தவர்களில் முக்கியமானவர் ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான். 2000களின் தொடக்கத்தில் பிட்எக்ஸ் என்ற ஒரு வரைபடத்தை எல்லாருக்கும் இலவசமாக வெளியிட்டார். முதலில் அது 20 மீட்டர் பேண்டுக்கு மட்டும், சுமார் 6 வாட் சக்தி. பிறகு பலர் அதை நாற்பது மீட்டருக்கு மாற்றிக் கட்டினார்கள்.

அதன் சூட்சுமம் எளிமையானது. வழக்கமான செட்டில் பேசுவதற்கு ஒரு பாதை, கேட்பதற்கு ஒரு பாதை. பிட்எக்ஸில் முக்கியமான ஆம்ப்ளிஃபையர்கள் இரண்டு பக்கமும் வேலை செய்யும். கேட்கும்போது சிக்னல் இந்தப் பக்கமாக வரும். பேசும்போது அதே வழியில் அந்தப் பக்கமாகப் போகும். ஒற்றையடிப் பாதையில் போகிறவன் வரும்போதும் அதிலேயே வருவதைப் போல. பாதி செலவு அங்கேயே மிச்சம். மிச்சப் பொருளெல்லாம் நம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிறவைதான். காயில் சுற்ற வெளிநாட்டு வளையம் கிடைக்காதா? தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரில் சுற்று என்றார். இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. என் செட்டைத் திறந்தால் உள்ளே அந்த வாஷர் இருக்கிறது.

நான் வாங்கியதும் அந்த வரைபடத்தைப் பார்த்து யாரோ கையால் கட்டியதுதான். கட்டியவர் காலமாகிவிட்டார். இன்னொரு ஹாம் வழியாக என்னிடம் வந்தது. இந்தச் செட்டு பேசும் முறைக்கு எஸ்.எஸ்.பி. என்று பெயர். சாதாரண ரேடியோ நிலையம் பேச்சோடு கூட எப்போதும் ஓர் அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன் சக்தியில் பெரும்பகுதி அந்த அலைக்கே போய்விடும். எஸ்.எஸ்.பி. அதை வெட்டிவிட்டு, பேச்சில் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும். அதனால்தான் 6 வாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக முடிகிறது. வெட்டிய அலையை ரிசீவர் தானே உண்டாக்கிச் சேர்த்துக்கொண்டால் பேச்சு புரியும். சேர்க்காவிட்டால் வாத்து கத்தும். அப்பாவின் வால்வு ரேடியோ சேர்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஓய்வு பெற்ற வயதில் எனக்கு ஏன் இந்த ஆசை என்று வீட்டிலும் கேட்டார்கள். அதற்குக் காரணம் 2015 டிசம்பர்.

அதற்கு முன் ஒரு சங்கதி. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் என்ற பெண்மணி ஒரு குழுவோடு அந்தமானுக்குப் போயிருந்தார். அங்கிருந்து ஹாம்கள் பேசி 17 வருஷம் ஆகியிருந்தது. உலகமெங்கும் இருந்து அவர்களை அழைத்துக்கொண்டிருந்தார்கள். 26-ம் தேதி காலை பூமி அதிர்ந்து கடல் ஏறியது. தொலைபேசிகள் நின்றன. பொழுதுபோக்குக்குக் கொண்டுபோன செட்டுகள் அன்று முதல் தீவுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே செய்தி கடத்தின. அப்போது இதைப் பேப்பரில் படித்துவிட்டு மறந்துபோனேன்.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். என் மகள் அப்போது முடிச்சூரில் குடியிருந்தாள், கைக்குழந்தையோடு. இரவு எட்டு மணிக்குப் பேசினாள். "அப்பா, தெருவுல தண்ணி ஏறுது, நாங்க மாடிக்குப் போறோம்" என்றாள். பிறகு போன் போகவில்லை. அவள் போன், மாப்பிள்ளை போன், பக்கத்து வீட்டுக்காரர் போன், ஒன்றும் போகவில்லை. மூன்றாம் நாள் மதியம்தான் யாருடைய போனிலிருந்தோ குரல் வந்தது. நல்லபடியாக இருந்தார்கள். ஆனால் அந்த இரண்டு இரவுகளை நானும் என் மனைவியும் எப்படிக் கழித்தோம் என்பதை எழுத முடியவில்லை.

நாங்கள் இருப்பதோ உலகத்துக்கே செல்போன் செய்து அனுப்பிய இடம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-லிருந்து 2014 வரை நடந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தச் சீருடை போட்டுப் பஸ் ஏறினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நாலு போன். அன்று அத்தனையும் வெறும் டார்ச் லைட். டவருக்குக் கரண்ட் இல்லையென்றால் போனுக்குக் குரல் இல்லை. எனக்கு அந்தமான் ஞாபகம் வந்தது.

மறு வருஷம் படிக்க ஆரம்பித்தேன். தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்ததால் தியரி சிரமமில்லை. மோர்ஸ்தான் உயிரை வாங்கியது. "இந்த வயசுல டிட் டாவா?" என்று மனைவி சிரித்தாள். தேர்வில் தேறிய பிறகு விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "எதுக்கு சார் இது, கையிலதான் போன் இருக்குதே?" என்றார். வெள்ளத்தைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய தங்கை வீடும் வரதராஜபுரத்தில்தானாம்.

லைசென்ஸ் வந்த பிறகு மகள் ஒரு கேள்வி கேட்டாள். "சரிப்பா, மறுபடி வெள்ளம் வந்தா, என்கிட்ட இந்தச் செட்டு இல்லியே, எப்படிப் பேசுவீங்க?" நியாயமான கேள்வி. என்னிடம் மட்டும் செட்டு இருந்தால் அது வெறும் பெட்டி. முடிச்சூரில் ஒரு ஹாம் இருந்தால், அவர் நாலு வீடு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்ல முடியும். தாம்பரத்தில் ஒருவர், திருவள்ளூரில் ஒருவர், காஞ்சிபுரத்தில் ஒருவர் வேண்டும். ரேடியோவின் பலம் செட்டின் விலையில் இல்லை, எதிர்முனையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில்தான். லட்ச ரூபாய்ச் செட்டு பத்துப் பேரிடம் இருப்பதைவிட, வாஷரில் காயில் சுற்றிய செட்டு ஆயிரம் பேரிடம் இருப்பது மேல். அமரேந்திர குப்தா காலத்திலிருந்து இந்தக் கதையை நான் இழுத்து வந்ததே இதைச் சொல்லத்தான். நம் நாட்டில் பேசும் கருவி அரிதாகவே வைக்கப்பட்டிருந்தது. அதை மலிவாக்கிய ஒவ்வொருவரும் நமக்குத் தெரியாமல் நமக்கு நல்லது செய்திருக்கிறார்கள்.

ஒரே பேண்ட் என்பதில் இன்னொரு லாபமும் உண்டு. எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவார்கள். பத்துத் தெருவில் பத்துத் திண்ணை இருந்தால் ஆளுக்கொன்றில் உட்கார்ந்துவிடுவார்கள். ஊருக்கு ஒரே திண்ணை என்றால் போனால் யாராவது இருப்பார்கள். தென்னிந்தியாவுக்கு அந்தத் திண்ணை நாற்பது மீட்டர். பகலில் சில நூறு கிலோமீட்டர் தெளிவாகக் கேட்கும். உச்சி வெயிலில் சோர்ந்துபோகும். இருட்டிய பிறகு தூரம் கூடும்.

என் ஏரியல் ஒரு பக்கம் பத்து மீட்டர், மறுபக்கம் பத்து மீட்டர் செம்புக் கம்பி. மொட்டை மாடியில் நட்ட குழாயிலிருந்து ஒரு நுனி தென்னைக்கும் ஒரு நுனி வேம்புக்கும் போகிறது. கரண்டுக்கு 12 வோல்ட் பேட்டரி. செட்டு வெளியே விடும் சக்தி நம் வீட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பைவிடக் குறைவு. அந்த பல்புதான் என் எதிரியும். எரிந்தால் செட்டில் இரைச்சல். காலையில் நான் உட்காரும்போது வீட்டில் விளக்கை அணைத்துவிடுவார்கள். வாசலில் முதல் ஷிஃப்ட் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருக்கும்.

முதன்முதலாகப் பேசிய அன்று கை நடுங்கியது. அழைப்புக் குறியை மூன்று முறை சொல்லி நிறுத்தினேன். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் என் குறியைத் திருப்பிச் சொன்னது. பாலக்காட்டுக்காரர், தமிழிலேயே பேசினார். ஊர் கேட்டார். மண்ணூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றேன். சற்று நிறுத்தி, "வி.யூ.2 ஆர்.ஜி. போன ஊரு" என்றார். நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

வெயில் ஏறினால் வாஷர் காயில் சூடாகி, அலைவரிசை மெல்ல நகரும். "ஐயா, நகர்ந்து போறீங்க" என்று எதிர்முனையில் சொல்வார்கள். ஒரு விரலைக் குமிழிலேயே வைத்துத் திருத்திக்கொண்டே பேசுவேன். பழகிவிட்டது.

உங்களில் யாரிடமாவது பழைய ஷார்ட் வேவ் ரேடியோ இரண்டு இருந்தால், காலை ஆறரைக்கு ஒன்றை 41 மீட்டரின் ஓரத்தில், 7.1 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். வாத்து கத்தும். இன்னொன்றைப் பக்கத்தில் ஒட்டி வைத்து, சத்தத்தை முழுக்கக் குறைத்து, 6.65 பக்கம் மெல்லத் திருப்புங்கள். அதனுள்ளே உண்டாகும் அலை, வெட்டுப்பட்ட அலையின் இடத்தில் வந்து பொருந்தும். ஓர் இடத்தில் வாத்து மனிதனாகும். கேட்பதற்கு லைசென்ஸ் வேண்டாம்.

அப்பாவுக்கு இதைக் காட்ட முடியவில்லை. அந்த வால்வு ரேடியோவும் இப்போது இல்லை.

ஹாம்கள் விடைபெறும்போது 73 என்பார்கள். தந்திக் காலத்து வழக்கம், நல்வாழ்த்துகள் என்று பொருள். தந்தி இலாகாவில் இருந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

73.